வெந்த முகம்

அந்தச் சலவைக் கம்பெனியின் வாசலுக்கு வேலைக்காரர்கள் வைத்திருந்த பெயர் மாமியார். ஆள் இன்னாரென்று நன்றாகத் தெரிந்தும் தெரியாததுபோல் நிற்கிற குணம் அதற்கு இருந்தது. ஆளுயரத்துக்கு இரும்புக் கம்பிகள் வைத்த சுழல்கதவு. பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் பச்சை எரியும், "நன்றி" என்று ஒரு பெண்குரல் சொல்லும், கதவு ஒரு சுற்று சுற்றி ஒரே ஒரு ஆளை விடும். பிடிக்காவிட்டால் சிவப்பு. "அடையாளம் தெரியவில்லை. மீண்டும் முயலவும்." உள்ளே வருவதற்கும் இதே கதைதான், வெளியே போவதற்கும் இதே கதைதான்.

பெட்டியைக் குறை சொல்லியும் பயனில்லை. அதை மாட்ட வந்தவர்கள் ஒரு சாயங்காலம் வந்தார்கள். வேலை முடிந்து கிளம்பியவர்களை அப்படியே வரிசையில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் போர்வையும் ஓட்டல் விரிப்பும் வெந்து வருகிற இடம் அது. நாள் முழுக்க நீராவியில் நின்றவர்களின் முகம் எப்படி இருக்கும்? இமை தடித்து, கன்னம் உப்பி, மூக்கு சிவந்து, பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். அந்த முகங்களைத்தான் பெட்டி மனப்பாடம் செய்துகொண்டது. மறுநாள் காலையில் தூங்கி எழுந்து, தலை வாரி, பளிச்சென்று வந்து நின்றால் ஒருவரையும் அதற்குத் தெரியவில்லை.

மாற்றிப் பதியச் சொல்லிக் கேட்டார்கள். போனில் விண்ணப்பம் போடுங்கள் என்றது மேலிடம். போட உட்கார்ந்தால், முதலில் உங்கள் முகத்தைக் காட்டுங்கள் என்றது போன். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அதனால் தினமும் காலையில் எதிர்த்த டீக்கடையில் ஒரு கூட்டம் நிற்கும். டீக்கடைக்காரர் வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீயா, மூஞ்சியா?" என்பார். மூஞ்சி என்றவனுக்கு ஒரு துண்டை நீட்டுவார். துண்டைத் தலையில் போட்டு அண்டாவின்மேல் குனிந்து, முகம் வெந்ததும் ஓட்டமாக ஓடிப்போய் பெட்டிமுன் நிற்பார்கள். இதையும் மனுசன் பழகிக்கொண்டான். எதைத்தான் பழகவில்லை?

இஸ்திரிக்காரரும் பழகிக்கொண்டார். உருளை இஸ்திரியில் விரிப்பைக் கொடுத்து வாங்குகிறவர் அவர். பேச்சு குறைவு. சொன்னதைச் செய்வார், செய்யாததைச் சொல்லமாட்டார். அன்றைக்கு மட்டும் காலையிலிருந்தே கை ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாக இருந்தார்.

முந்தின நாள் மகள் பேசியிருந்தாள். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, குரலைத் தாழ்த்தி.

"நாளைக்கு அவர் விமானத்துல போறார்பா. இறங்குற வரைக்கும் போன்ல வீட்டைப் பார்க்க முடியாது. நான் வந்துடட்டுமா?"

அவள் இதற்கு முன்பும் கேட்டவள்தான். கேட்டபோதெல்லாம், "பொறுத்துப் போம்மா. எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தானே" என்று சொல்லியிருந்தார்.

"வீட்டுக்கு வரமாட்டேன். அம்மா வாசப்படியிலேயே வெச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள் மகள். "நீங்க வேலை விட்டு வர்ற நேரத்துக்கு உங்க கம்பெனி வாசலுக்கு வர்றேன். போனை எடுத்துட்டு வரமுடியாது, எடுத்தா நான் இருக்கிற இடம் அவருக்குத் தெரிஞ்சிடும். நீங்க நின்னா உங்ககூட வர்றேன். நிக்கலேன்னா, அடுத்த பஸ் பிடிச்சு அவர் இறங்குறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் உங்களைக் கேட்கமாட்டேன்பா."

"வா" என்றார் இஸ்திரிக்காரர். "நிப்பேன்."

மனைவியிடம் மூச்சு விடவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பாய்லர் படுத்துவிட்டது. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், நீராவி நின்றது. சூப்பர்வைசர் கையைத் தட்டினார்.

"மூஞ்சி ஆறுறதுக்குள்ள எல்லாரும் கிளம்புங்க! ஆறினா அப்புறம் இங்கேயே குடித்தனம்தான்!"

எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். இஸ்திரிக்காரரும் செருப்பைத் தேடினார்.

"நீங்க எங்கண்ணே போறீங்க? காய்ஞ்சு கிடக்கிறதை யார் தேய்க்கிறது? கைப்பெட்டி இருக்குல்ல? மடிப்பக்காவும் ரேடியோவும் கூட இருக்கட்டும். நான் மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் சாமான் வாங்கிட்டு, விடுற நேரத்துக்கு முன்னாடி வந்து நானே வாசல் பட்டனை அமுக்கி விடுறேன்."

"இன்னைக்கு எனக்கு நேரத்துக்குப் போகணும்" என்றார் இஸ்திரிக்காரர்.

"வந்துடுவேன்கிறேன்ல?"

இஸ்திரிக்காரர் கைப்பெட்டியை எடுக்கப் போனார். சூப்பர்வைசர் பின்பக்க ஷட்டர் வழியாக வண்டியை எடுத்தார். ஷட்டரை வெளியே பூட்டினார். தீ விபத்துக்கென்று ஒரு கதவு இருந்தது. அங்கே நின்று யாரோ பீடி குடித்தான் என்று அதற்கும் ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். அந்தச் சாவியும் சூப்பர்வைசர் இடுப்பில்தான் போனது.

மூன்று பேர் மிச்சம். மடிப்பக்கா விரிப்பு மடிக்கிறவள். அவளைவிடப் பெரியவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், வாய் அப்படி. ரேடியோ, துவைக்கிற எந்திரத்துக்கு ஆள். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். நிறுத்துகிற பொத்தான் இல்லாததால் அந்தப் பெயர்.

"போன் இல்லாம கையே இல்லாத மாதிரி இருக்கு" என்றான் ரேடியோ. போன்களைச் சுழல்கதவுக்கு வெளியே முற்றத்து ஓரத்தில் ஓர் இரும்பு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதற்கும் முகம் பார்க்கிற பெட்டிதான். "பாட்டு இல்ல, செய்தி இல்ல. உலகம் அழிஞ்சாக்கூட நமக்குத் தெரியாதுக்கா."

"அழிஞ்சா நீயும்தானே அழிவ. தெரிஞ்சு என்ன பண்ணப்போற, படம் பிடிச்சு அனுப்பப்போறியா?"

"பின்ன? முதல்ல அனுப்புறவன் நானா இருக்கணும்ல."

"ஒரே வீட்டுக்குள்ள பொண்டாட்டி சமையக்கட்டுல இருந்து 'சாப்பிட வாங்க'ன்னு போன்ல அனுப்புறா, இவரு கட்டில்ல படுத்துக்கிட்டு கட்டைவிரலைக் காட்டுறாரு. இவன் வீட்டுக்கதைதான் சொல்றேன்ணே, கேட்டுக்கோங்க."

"அதுல என்ன தப்பு? கத்தல் இல்ல, சண்டை இல்ல. எங்கப்பாவும் அம்மாவும் போன் இல்லாத காலத்துல பேசிக்கிட்டது தெருவே கேட்டுது."

இஸ்திரிக்காரர் கைப்பெட்டியால் ஒரே விரிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விடுகிற மணி அடித்தது. சூப்பர்வைசரைக் காணோம். ரேடியோ முதலில் போய் பெட்டிமுன் நின்றான்.

"அடையாளம் தெரியவில்லை. மீண்டும் முயலவும்."

"மாமியாருக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லி, கன்னத்தை இரண்டு கையாலும் தேய்த்து, மறுபடி நின்றான். சிவப்பு. மடிப்பக்கா நின்றாள். சிவப்பு. இஸ்திரிக்காரர் நின்றார். கண்ணாடியில் தெரிந்தது அவருடைய காலை முகம். ஒட்டின கன்னம், காய்ந்த உதடு. அது யாருக்கும் வேண்டாத முகம்.

சுவரில் ஒரு பேசுகிற குழாய் உண்டு. ரேடியோ அதன் பொத்தானை அமுக்கினான். எங்கோ வேறு ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"உள்ள மாட்டிக்கிட்டோம்மா. மூணு பேர் இருக்கோம். கதவைத் திறந்து விடு."

"பதிவுப்படி நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் சார். கதவில் கோளாறு எதுவும் காட்டவில்லை. முகத்தைக் காட்டினால் திறக்கும்."

"முகம்தான்மா ஆறிப்போச்சு!"

"புரியவில்லை சார்."

"புரியாதும்மா. உனக்குப் புரியவே புரியாது. வெச்சிடு."

முற்றத்துக்கு அந்தப் பக்கம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தெரு. கம்பி வழியே பார்த்தால் முற்றமும் மதிலும்தான் தெரியும், தெரு தெரியாது. கத்திப் பார்த்தார்கள். பக்கத்துப் பட்டறையின் இரைச்சல் கத்தலை விழுங்கிவிட்டது. ஆனால் பஸ் வந்து நிற்கிற சத்தம் மட்டும் இஸ்திரிக்காரர் காதுக்குத் தப்பாமல் கேட்டது. பிரேக் கிறீச்சிட்டது. மூச்சு விட்டு கதவு திறந்தது. பிறகு கிளம்பிப் போய்விட்டது.

இறங்கியிருப்பாளா? இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்பாளா?

"நீராவிதானே வேணும்?" என்றாள் மடிப்பக்கா. "துண்டை நனைச்சுப் போட்டு அதுமேல இஸ்திரிப் பெட்டியை வை. புகையா வரும்."

ரேடியோ துள்ளினான். "அக்கா, நீ படிச்சிருந்தா இந்தக் கம்பெனிக்கே முதலாளி ஆகியிருப்ப!"

துண்டை நனைத்தார்கள். சொட்டச் சொட்ட நனைத்தார்கள், அவசரம். இஸ்திரிக்காரர் சூட்டை முழுசாகத் திருகி, பெட்டியை அதன்மேல் வைத்தார். சுர்ரென்று ஒரு வெள்ளைப் புகை எழும்பியது. மூவரும் முகத்தை நீட்டினார்கள். கன்னத்தில் சூடு படுவதற்குள் எங்கோ டப் என்றது. இஸ்திரிப் பெட்டியின் சிவப்புக் கண் மூடிக்கொண்டது. மேலே பாதி விளக்குகளும் போயின. மெயின் சுவிட்சு சூப்பர்வைசர் அறைக்குள். அறை பூட்டு.

வாசல் பெட்டிக்கு மட்டும் தனி பேட்டரி. அது சாவதாக இல்லை.

"என்னை அறைக்கா" என்றான் ரேடியோ. "வீங்கினாலாவது திறக்குதா பார்ப்போம்."

"ரொம்ப நாள் ஆசை எனக்கு" என்று அவள் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் நின்றான். சிவப்பு. "ஒரு பக்கம்தான் வீங்கியிருக்கு" என்று அவள் அடுத்ததற்குக் கையை ஓங்க, அவன் தெறித்து ஓடினான்.

இருவரும் சிரித்தார்கள். இஸ்திரிக்காரர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இதையெல்லாம் தேவையில்லைன்னு சொல்லமுடியாதுடா" என்று மடிப்பக்கா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "என் பையன் வீட்டுல ஒரு கேமரா மாட்டிட்டு வெளியூர் போனான். அங்கிருந்து பார்த்துட்டு 'அம்மா, மாத்திரை போட்டியா'ங்கிறான். கூட இருந்தப்ப ஒருநாள் கேட்டதில்ல, தெரியுமா? கேமரா வந்தப்புறம்தான் எனக்கு ஒரு பிள்ளை இருக்குன்னே தோணுது."

"பாசமா இருக்கிறவன் பார்த்தா சரிக்கா. சும்மா பார்க்கிறவன் பார்த்தா?"

"வீட்டுக்குள்ள யாருடா சும்மா பார்க்கப்போறான்? புருசன், பிள்ளை, இவங்கதானே. ஒழுங்கா இருக்கிறவளுக்கு என்ன பயம்?"

"என் பொண்ணு ஒழுங்காத்தான் இருக்கா" என்றார் இஸ்திரிக்காரர்.

அவர் திரும்பவில்லை. கம்பிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் பொண்ணு வீட்டுலயும் மாட்டியிருக்கான் மாப்பிள்ளை. கூடத்துல ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு, வாசல்ல ஒண்ணு. அது பேசவும் பேசும். இவ செருப்பை மாட்டினா போதும், சுவத்துல இருந்து அவன் குரல் வரும். 'எங்க கிளம்பிட்ட?' அடுப்புல குழம்பு கொதிச்சா, 'தீயைக் குறை'. ஜன்னல்கிட்ட நின்னா, 'யாரைப் பார்க்கிற?' அவன் ஆபீஸ்லதான் இருக்கான். வீட்டுல இல்ல. ஆனா வீடு முழுக்க அவன்தான்."

ரேடியோ வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாதுகாப்புக்குத்தானேம்மான்னு சொன்னேன். நேத்துதான் வான்னு சொன்னேன். நிப்பேன்னு சொன்னேன். இப்ப அவ அந்தப் பக்கம் நிக்கிறா. நான் இங்க நிக்கிறேன். நிக்கத்தான் செய்யிறேன், ஆனா அவளுக்குத் தெரியாதே. அப்பன் பயந்து ஒளிஞ்சிட்டான்னுதான் நினைப்பா. போயிடுவா. அப்புறம் கேட்கவே மாட்டேன்னு சொல்லியிருக்கா."

மறுபடி பஸ் வரும் சத்தம் தூரத்தில் கேட்டது. திரும்பிப்போகிற பஸ்ஸா, வருகிற பஸ்ஸா என்று தெரியவில்லை. இஸ்திரிக்காரர் நெற்றியைக் கம்பியில் வைத்தார். கம்பி குளிர்ந்திருந்தது. அவருக்கு மூக்கு அடைத்தது. பாய்லர் ஓடாத அந்தக் குளிர்ந்த கொட்டகையில் அவர் முகம் மட்டும் சுட்டது. ஆண்பிள்ளை அழுகை என்று சொல்கிற மாதிரி அடக்கமாக வரவில்லை அது. வாய் கோணி, தோள் குலுங்கி, சத்தத்தோடு வந்தது. மகள் கேட்டபோதெல்லாம் அழாமல் விட்டதும் சேர்ந்து வந்தது.

மடிப்பக்கா எழுந்து பக்கத்தில் வந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே. பெட்டி முன்னாடி போங்க."

"விடும்மா."

"போங்கண்ணே! துடைக்காதீங்க! அப்படியே போங்க!" அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினாள்.

இஸ்திரிக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். இமை தடித்து, கன்னம் உப்பி, மூக்கு சிவந்து ஒரு முகம் அவரைப் பார்த்தது.

பச்சை எரிந்தது. "நன்றி" என்றது குரல்.

"ஓடுங்கண்ணே!" என்று கத்தினான் ரேடியோ. கதவு ஒரு சுற்று சுற்றியது, அவரை முற்றத்தில் தள்ளியது, அவர்களைக் கம்பிக்கு உள்ளேயே விட்டு நின்றது. பின்னால் ரேடியோவின் குரல் கேட்டது: "எனக்கு அழுகையே வரமாட்டேங்குதேக்கா!" "உன் பொண்டாட்டியை நினைச்சுக்கோடா." "அதுக்குத்தான் சிரிப்பு வருது!"

கம்பெனி வாசலில் யாரும் இல்லை. டீக்கடைக்காரர் தெருவுக்கே வந்துவிட்டார்.

"எங்கே போயிருந்தீங்க? ஒரு பொண்ணு ரொம்ப நேரமா நின்னுச்சு. உங்களைத்தான் கேட்டுச்சு. மத்தியானமே எல்லாரும் போயிட்டாங்களேம்மான்னு சொல்லிட்டேன். நான்தான் எல்லாரும் ஓடுறதைப் பார்த்தேனே."

அவர் கேட்டு முடிக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. ஏறுகிறவர்களில் கடைசியாக ஒருத்தி, ஒரு கால் படியில், கையில் ஒரு துணிப்பை.

கூப்பிட வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் அதற்கு மூச்சு இல்லை. செருப்புச் சத்தம்தான் கேட்டிருக்க வேண்டும், அவள் திரும்பினாள்.

முதலில் அவள் முகத்தில் கோபம்தான் இருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா ஆச்சு? யாராவது அடிச்சாங்களா?"

"உள்ளேதாம்மா இருந்தேன்" என்றார் மூச்சு வாங்க. "போகல. ஒளியல. கதவுக்கு என்னைத் தெரியல."

"ஏறுறியாம்மா, இல்லையா?" என்றார் டிரைவர்.

அவள் அப்பாவைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். இந்த பஸ் போனால் கணவன் இறங்குவதற்குள் வீடு போய்ச் சேரமுடியாது. படியிலிருந்து காலை எடுத்தாள். கதவு மூச்சு விட்டு மூடியது.

இரண்டு பேரும் டீக்கடைக்கு நடந்து வந்தார்கள். பையை அவர் வாங்கிக்கொண்டார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிச் சொன்னதும் டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு பெரிய குண்டானில் வெந்நீரை மொண்டு கொடுத்தார். இஸ்திரிக்காரரும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள். கம்பிக்கு அருகே வைத்ததும், உள்ளிருந்து இரண்டு முகங்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு குனிந்தன. மகள் தன் துப்பட்டாவை வெளியிலிருந்து கம்பிமேல் போர்த்திப் பிடித்தாள். அக்கா முதலில் வந்தாள், பிறகு ரேடியோ.

மடிப்பக்கா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். ரேடியோ போனை எடுத்ததும் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே தெருவில் இறங்கினான்.

இஸ்திரிக்காரரின் போன் மட்டும் அலமாரியில். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். மனைவியிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை, ஆனால் முதலில் சொல்ல வேண்டும். ஓடிய ஓட்டத்திலும் காற்றிலும் அவர் முகம் ஆறிவிட்டது.

"அடையாளம் தெரியவில்லை" என்றது அலமாரி.

அவர் குண்டான் பக்கம் குந்தி உட்கார்ந்தார். மகள் துப்பட்டாவை அவர் தலைமேல் போட்டாள். வெந்நீரில் இன்னும் கொஞ்சம் ஆவி இருந்தது.

"தினமும் இப்படியாப்பா?"

"தினமும்தான்."

"எத்தனை வருசமா?"

அவர் துணிக்குள் இன்னும் குனிந்தார்.

"நீங்க ஏன்பா பொறுத்துட்டுப் போறீங்க?"

துணிக்குள்ளே இருட்டாக, வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு அவர் எப்போதும் சொல்லும் 'பாதுகாப்புக்குத்தானே' என்ற அதே பதில்தான் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினார். தண்ணீர் வேறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஓரத்தை இன்னும் கொஞ்சம் மூடும்மா" என்றார். "ஆவி வெளியே போகுது."